எல்லாரும் தமிழ்தானே என்கிறார்கள்: வளர்ந்தவர்களின் வகுப்பில் யாரை எங்கே இருத்துவது?

கணக்கு ரீச்சர் எழுதியது:

வணக்கம். நான் வடமராட்சிக்காரி. இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைப் பக்கம் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதப் படிப்பிக்கிறேன். வரவு செலவு, கடன், இலாபம், அப்புறம் போனில் காசு அனுப்புவது வரை. வருபவர்கள் முப்பது வயதிலிருந்து எழுபது வரை. கூடப் பெண்கள்தான், சில ஐயாமாரும் வருவார்கள்.

மேலிடத்திலிருந்து ஒரு கைநூல் தந்திருக்கிறார்கள். அதில் கலாசார வேறுபாடுகளை மதிப்பது பற்றி ஓர் அத்தியாயம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பண்டிகை, ஒரு சாப்பாடு, ஒரு வணக்கம் சொல்லும் முறை. அத்தோடு அத்தியாயம் முடிந்தது. கூட்டத்தில் கேட்டால், "உங்கட வகுப்பில எல்லாரும் தமிழ் கதைக்கிற ஆக்கள்தானே, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்றார்கள்.

என் வகுப்பைச் சொல்கிறேன். குளத்தை நம்பிப் பரம்பரையாக வயல் செய்த பழைய வன்னிக் குடும்பங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே நின்றுவிட்டவர்கள். கரைப்பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். எல்லாரும் தமிழ்தான், சரி. ஆனால் ஒரு வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

படிப்பும் ஒரே மாதிரி இல்லை. நாற்பதுகளில் இருப்பவர்களின் பள்ளிக்கூடம் 1996இல் குழம்பியது. முப்பதுகளில் இருப்பவர்களுக்கு 2008, 2009. ஓஎல் சோதனை எழுதாதவர்கள் நிறைய. மனக்கணக்கில் என்னை வெல்வார்கள், கொப்பியைத் திறந்தால் சுருங்கிவிடுவார்கள். "கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன் ரீச்சர்" என்று சொல்பவர்களில் யாருக்கு உண்மையாகவே வெள்ளெழுத்து, யாருக்கு எழுத்தே தெரியாது என்று கண்டுபிடிப்பது தனி வேலை.

கைநூல் சொல்வதில் சிலதை நான் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டேன். முதல் நாள் ஒவ்வொருவரும் எழும்பித் தன் குடும்பத்தைப் பற்றி மூன்று வசனம் சொல்ல வேண்டுமாம். இந்த ஊரில் அந்தக் கேள்வியைச் சபையில் கேட்கிறவருக்கு 2009ஐப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். பதிவுப் படிவத்தில் விவாக நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணவர் காணாமல் போன அக்காமார் அதில் பேனையை வைத்துவிட்டு அப்படியே இருப்பார்கள். விதவை என்று அடையாளமிட்டால் அவரைத் தாங்களே சாகக் கொடுத்த மாதிரி. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கிய போராட்டக் கொட்டிலுக்குப் போய்வந்தவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். மேலிடம் கேட்டால் பார்ப்போம்.

இடமும் மாற்றினேன். முந்தி ஒரு கோயில் மடத்தில் நடந்தது. துடக்கு என்றால் வரமாட்டார்கள், மாதாந்த நாட்களில் வரமாட்டார்கள், முஸ்லிம் பெண்கள் வாசலோடு நிற்பார்கள். வரவு இடாப்பைப் பார்ப்பவருக்கு எல்லாரும் அக்கறையில்லாதவர்கள். பொதுநோக்கு மண்டபத்துக்கு மாறியபின் அது சரியாகிவிட்டது.

சரிவராமல் கிடப்பது இரண்டு விஷயம். ஒன்று, இருக்கை. வட்டமாக இருத்தச் சொல்கிறது கைநூல். வட்டம் போட்டால் மாமியாருக்கு நேர் எதிரில் மருமகள். அவள் வாயே திறக்கமாட்டாள். வரிசையாக விட்டால் அவரவர் தங்கள் ஆட்களோடு கூடிவிடுகிறார்கள், பின்மூலையில் எப்போதும் அதே முகங்கள். தேநீர் நேரம் இன்னும் மோசம். சிலர் போத்தலில் தண்ணீர் கொண்டுவருவார்கள், சிலர் "இப்பதான் குடிச்சனான்" என்பார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். வற்புறுத்திக் கலந்தால் சிலர் வகுப்புக்கே வராமல் விடலாம். அப்படியே விட்டால் நானும் அந்த ஒதுக்கலுக்குத் துணைபோகிறேன்.

இரண்டாவது, வட்டிப் பாடம். முஸ்லிம் சகோதரிகள் இருக்கும் வகுப்பில் அதை எப்படி எடுப்பது? விட்டுவிடலாமா?

விளங்குதோ என்று கேட்டால் எல்லாரும் "ஓம் ரீச்சர்" என்பதும் உண்டு. அது எல்லா இடத்திலும் உள்ளதுதானே.

குளக்கட்டு எழுதியது:

ரீச்சர், கடைசியில் சும்மா சொல்லிவிட்டுப் போன விஷயத்தில்தான் நான் பிடிக்கிறேன். விளங்குதோ என்று கேட்டால், இல்லை என்று சொல்வது உங்கள் படிப்பித்தலைக் குறை சொல்கிற மாதிரி. முறை தெரிந்த மனிசர் அதைச் சபையில் சொல்லமாட்டார்கள். அது பயமில்லை, உங்களுக்குத் தரும் மரியாதை. ஆனபடியால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன். அங்கத்தவர்களுக்கு நூற்றுவீதம் விளங்கப்படுத்த ஒரே ஒரு கணக்குத்தான் வைத்திருந்தேன். 66 கிலோ நெல் மூட்டைக்கு 2 கிலோ கழிவு என்று வியாபாரி வெட்டுகிறான். நூற்றுக்கு எவ்வளவு? ஏறத்தாழ 3. நூறு மூட்டை விற்றால் 200 கிலோ, மூன்று மூட்டைக்கு மேல் சும்மா போகிறது. இதைப் பலகையில் எழுதிப் பாருங்கள், சபையில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள். சாக்கு எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு, யார் தராசு சரி, யார் தராசு பிழை என்று சண்டையே வரும். சண்டை வந்தால் பாடம் நடந்துவிட்டது.

பழைய ஆட்கள் புசலில் சொல்வார்கள், வியாபாரி கிலோவில் வாங்குவான். ஒரு புசல் நெல் கிட்டத்தட்ட 21 கிலோ. அதை மாற்றிப் பார்க்கிற பயிற்சியை அவர்களிடமே விடுங்கள், நீங்கள் கேட்டு எழுதுங்கள். கரைப்பக்கத்து ஆட்களுக்குக் கரைவலைப் பங்கு இருக்கிறது. செலவைக் கழித்து, வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, வலை இழுத்தவனுக்கு எவ்வளவு என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பங்குக் கணக்கைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. எழுதத்தான் காட்டித்தர வேண்டும்.

ஐயாமாரின் பிழையைச் சபையில் திருத்த வேண்டாம். கொப்பியைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து மெல்லச் சொல்லுங்கள். காலபோக அறுவடை நேரத்தில், மாசி பங்குனியில், புதுப் பாடம் தொடங்க வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிற கிழமை வகுப்பு வைத்தால் நீங்களும் கதிரைகளும்தான் இருப்பீர்கள்.

இருக்கையைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். விட்டுப்பிடியுங்கள், நாளடைவில் தானாகக் கலப்பார்கள்.

மூன்றாந்தலைமுறை எழுதியது:

தானாகக் கலப்பார்கள் என்கிறார் ஐயா. அந்தத் தானாகவுக்கு எங்கள் அம்மா காலத்திலிருந்து காத்திருக்கிறோம்.

நான் கிளிநொச்சி பாரதிபுரம். தாத்தா பாட்டி 77க்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். 1948இல் குடியுரிமை பறிபோன கூட்டம், இங்கே காடு வெட்டிக் குடியிருந்து, பிறகு மற்ற எல்லாரோடும் சேர்ந்து ஓடி, திரும்பி வந்த கூட்டம். நான் இங்கே பிறந்தவள். ஒரு பயிற்சி வகுப்பில் ரீச்சர் ஒருவர், நல்ல மனசோடுதான், "மலையகக் கலாசாரத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்" என்று என்னை எழுப்பிவிட்டார். நான் கண்ட கொழுந்து வெற்றிலைக் கொழுந்து மட்டும்தான். என்ன சொல்வது? மதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒருவரை அவருடைய பாட்டியின் ஊருக்கே திருப்பி அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. நாங்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. "வாங்க, போங்க" என்று கதைத்தால் பக்கத்தில் சிரிப்பு வரும். பிழையாகச் சொன்னால் என்னை மட்டுமா சிரிப்பார்கள், எங்கள் ஏரியாவையே சேர்த்துச் சிரிப்பார்கள். அதனால்தான் பேசாமல் இருக்கிறோம். அடக்கம், மரியாதை, பண்பாடு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். கணக்கு எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். கணக்கப்பிள்ளை எழுதுவதை நம்பாமல் பாட்டி எல்லாவற்றையும் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார்.

பின்மூலையில் அதே முகங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் விரும்பித்தான் அங்கே இருக்கிறார்களா என்று தனியாக ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். தேநீருக்கு நான் கண்ட நல்ல வழி: எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை, ஒரே தட்டு, யார் கையில் எது வரும் என்று தெரியாது. ரீச்சர் கடைசியாக மிஞ்சியதை எடுத்துக் குடிக்க வேண்டும். பிரசங்கம் வேண்டாம். போத்தல் கொண்டுவருகிறவர் கொண்டுவரட்டும், அவரைப் பார்த்து மற்றவர்கள் மாறாமல் இருந்தால் போதும்.

பெட்டிக்காரன் எழுதியது:

இப்படியான கைநூல்கள் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லலாம்.

ஹொஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர், 1967 முதல் 1973 வரை பல நாடுகளிலிருந்த ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய பதில்களை வைத்து நாடுகளுக்குப் புள்ளி போட்டார். இந்த நாட்டில் மேலதிகாரிக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார்கள், அந்த நாட்டில் தனிமனிதன்தான் பெரிது, இந்த வகையில். பயனில்லாத வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நாட்டுக்கு நாடு ஒப்பிடும் சராசரி. கம்பனி அலுவலகத்தில் கேட்ட கேள்விகளால் முள்ளியவளை மண்டபத்தில் மாமியும் மருமகளும் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்க்க முடியாது. கைநூல் எழுதுகிறவர்கள் அந்தச் சராசரியைச் சுருக்கி, மேலும் சுருக்கி, கடைசியில் பண்டிகையும் சாப்பாடும் மிஞ்சும்.

வட்டம், குழு வேலை எல்லாம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தவை. அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ், வளர்ந்தவர் கற்பது பிள்ளைகள் கற்பது போல அல்ல என்று 1960களின் இறுதியிலிருந்து எழுதினார். வளர்ந்தவர் தன் படிப்பைத் தானே நடத்த விரும்புவார், அவருடைய அனுபவமே பெரிய வளம், உடனே உதவும் விஷயத்தைத்தான் தேடுவார். இதில் முதலாவது, அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சாயல் என்று பலர் விமர்சித்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் குளக்கட்டு ஐயாவின் நெல் மூட்டைக்கு அப்படியே பொருந்தும்.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரேயிரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். வகுப்புக்கு முன்பே அவருடைய ஆட்கள் ஊருக்குள் போய், சனம் என்ன கதைக்கிறது, எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று கேட்டுச் சேர்த்தார்கள். பாடம் அதிலிருந்து வந்தது. அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, திட்டம் நின்றது, அவர் சிறைக்குப் போய், பிறகு நாட்டை விட்டே போனார். நீங்களும் முதலில் ஒரு மாதம் வீடுகளுக்குப் போய் இருந்து கேட்டால் நல்லது.

கணக்கு ரீச்சர் எழுதியது:

ஒரு மாதம்! மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசே எனக்கு ஒழுங்காக வருவதில்லை. வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு வீடாக எட்டிப்பார்க்கலாம், அது முடியும். பிரேசில்காரர் மாதிரிச் சிறைக்கும் போக விருப்பமில்லை.

மூன்றாந்தலைமுறை தங்கச்சி, கோப்பை யோசனைக்கு நன்றி. வருகிற கிழமையே செய்கிறேன். பின்மூலை அக்காமாரிடம் தனியாகக் கேட்கவும் வேண்டும்.

இருக்கைக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஊர், ஆட்கள் என்று இல்லாமல் தொழில்வாரியாக இருத்தினால் என்ன? வயல் ஒரு மேசை, கடை ஒரு மேசை, மீன் ஒரு மேசை, தையல் ஒரு மேசை. அவரவர் கணக்கு ஒரே மாதிரி, படிப்பிக்கவும் சுகம்.

குளக்கட்டு எழுதியது:

ரீச்சர், மீன் மேசையில் யார் இருப்பார்கள்? வயல் மேசையில் யார்? கூலிக்குப் போகிறவர்களுக்கு எந்த மேசை? இந்த ஊரில் தொழில்வாரி என்றால் பாதி இடத்தில் அது சாதிவாரிதான். நான் விட்டுப்பிடிக்கச் சொன்னேன், நீங்கள் பலகை அடித்துப் பெயர் எழுதப் பார்க்கிறீர்கள்.

மூன்றாந்தலைமுறை பிள்ளை சொன்னதும் சரி. என் வாயால் தானாக என்று வந்தது, எனக்கு அந்த நேரம் முன் வாங்கில் இடம் இருந்தது.

புத்தளத்தில் படித்தவள் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் நீராவிப்பிட்டி. தையல் தொழில். ரீச்சரின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வட்டிப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். வட்டி கொடுப்பதும் வாங்குவதும் எங்களுக்கு ஹராம், உண்மை. ஆனால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே விலக முடியும்? கிழமைக்குக் கிழமை கடன் தவணை வாங்கும் கிழமைக் கட்டுக்காரர் வீட்டுக்கு வந்து "வட்டி இல்லை, சேவைக் கட்டணம்" என்று சொல்லும்போது என்ன செய்வது? எங்கள் மனம் நோகும் என்று நீங்களே முடிவெடுத்து அந்தப் பாடத்தில் எங்களை வெளியே அனுப்பினால், எங்களுக்கு மட்டும்தான் நட்டம். முன்கூட்டிக் கேளுங்கள். நான் இருப்பேன். வேறு ஒருத்தி வேண்டாம் என்றால் அவள் விருப்பம். ஒருத்தி சொன்னதை எல்லாரும் சொன்னதாக எடுக்க வேண்டாம்.

என் அண்டை வீட்டு அக்கா, அவ சைவம், ஒரு கடனைக் கொண்டுவந்து காட்டினா. 100,000 ரூபா, வருடத்துக்கு 20 வீதம், மாதம் 10,000 படி 12 மாதம். இருபது வீதம்தானே என்று நினைத்திருக்கிறா. முதல் மாதமே கடன் தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறா, ஆனால் வட்டி மட்டும் கடைசிவரை முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைகிற நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 35 வீதம் வருகிறது. என் தம்பி கம்பியூட்டரில் போட்டுக் காட்டினான். இதை ஹராம் என்று தெரிந்தவளும் படிக்க வேண்டும், தெரியாதவளும் படிக்க வேண்டும். பக்கத்திலேயே இலாப நட்டப் பங்குக் கணக்கையும் வையுங்கள். ஐயா சொன்ன கரைவலைப் பங்கு எங்களுக்கு நன்றாக விளங்கும். இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்பு மாதப் பின்னேரம் வகுப்பு வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது போட்டோ. வகுப்பில் எடுக்கும் படத்தைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடுகிறார்கள். எங்களுக்கு மட்டுமில்லை, கணவரைத் தேடுகிற அக்காமாருக்கும் அது பிடிக்காது.

இருக்கைக்கு எனக்குத் தெரிந்த ஒரு வழி. தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோக்க முடியாதவர்களை யன்னல் ஓரமாக, முன்னுக்கு இருத்துவோம். நாற்பது தாண்டினால் யாராக இருந்தாலும் கண் மங்கும். நீங்களும் அப்படிச் செய்யலாமே. சின்ன எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, தள்ளிப் பிடிக்கிறவர்களை எல்லாம் முன்னுக்குக் கூப்பிடுங்கள். மாமியார் முன்னுக்கு வந்துவிடுவா, மருமகள் பின்னால் தாராளமாகக் கதைப்பாள். பின்மூலைக்காரர் பாதிப்பேர் முன்னுக்கு வருவார்கள். ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மூன்றாந்தலைமுறை எழுதியது:

இது நல்லாயிருக்கு. ஒரு திருத்தம்: முன்னுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கண் தெரிகிற இளம் ஆள் ஒருவர். வாசித்துக் காட்ட. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சீட்டுப் பிடிக்காதவர்கள் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

எழுத்துத் தெரியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்வார்கள் என்பது உண்மை. மறையட்டும். பக்கத்தில் வாசிக்க ஆள் இருந்தால் அவர்கள் கணக்கை விடமாட்டார்கள்.

கணக்கு ரீச்சர் எழுதியது:

அப்படியானால் சரி. வருகிற வகுப்பில் பற்றுச்சீட்டோடு தொடங்குகிறேன். கிழமைக் கட்டுக் கடன் அட்டையையே கொடுக்கலாம், எழுத்தும் சின்னது, அடுத்த பாடமும் அதுதான். 20 வீதம் எப்படி 35 ஆகிறது என்பதை மாதம் மாதமாக நிலுவை எழுதிக் காட்டப்போகிறேன், கம்பியூட்டர் இல்லாமல். சகோதரி, முன்கூட்டி எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்பேன்.

சீட்டுக் குலுக்கினால் யாராவது இடம் மாறக் கேட்பார்கள் என்று தெரியும். கண் தெரியாததால் மாற வேண்டும் என்றால் மாற்றுவேன், வேறு காரணம் சொன்னால் அதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லச் சொல்வேன். சொல்லமாட்டார்கள்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கண் பரிசோதனைக்கு இவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? முல்லைத்தீவுச் சந்தையில் விற்கிற ஆயத்தக் கண்ணாடி வாங்கிப் போட்டால் தலையிடி என்கிறார்கள்.

குளக்கட்டு எழுதியது:

முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் எந்த நாள் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இல்லாவிட்டால் சந்தைக் கண்ணாடி ஒத்துவராது, தலையிடி அதனாலும் இருக்கலாம். விடிய வெள்ளன போய் நம்பர் எடுக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதற்கான கிளினிக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், கேட்பார்கள். ஒரு வான் பிடித்து எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்கு இவ்வளவு என்று வான் காசு பிரிக்கிற கணக்கும் வழியிலேயே முடிந்துவிடும்.